குருவம்மா வந்த வெள்ளிக்கிழமை

வகுப்புக்கா வந்திருக்கீங்க? மாடியிலதான். ஆனா கதவு தெறக்கல, டீச்சர் வர இன்னும் நேரம் கெடக்கு. உக்காருங்க தாயி, நிக்காதீங்க. இந்தப் பெஞ்சு அந்தப் பக்கம் ஆடும், இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. மூட்டு வலியா? இங்க வர்ற எல்லாருக்கும் அதான். மூட்டைப் பத்தியே டீச்சர் ரெண்டு வாரம் பாடம் எடுத்தாக. ஒரு எலும்புக்கூட்டத் தூக்கிட்டு வந்து நடுவுல நிப்பாட்டி, முட்டி எப்பிடி மடங்குது, எங்கன தேயுதுன்னு காட்டினாக. நாங்க பயப்படுவோம்னு நெனச்சாக போல. இங்க யாரு பயந்தா? வைரவன் சார்னு ஒருத்தர் வருவாரு, போஸ்டாபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, "டீச்சர், இதுக்கும் முட்டி வலி இருந்துச்சா"ன்னு கேட்டாரு. நாங்க சிரிச்ச சிரிப்புல கீழ ஸ்கூல் பிள்ளைக எட்டிப் பாத்துச்சுக.

சேருங்க, சேருங்க. காசு கெடையாது. அறுவது தாண்டியிருந்தாப் போதும். கிரேஸ் டீச்சர் தங்கமான மனுசி, காலேஜ்ல விலங்கியல் நடத்தினவுக. கோவமே வராது. ஒரு தடவ கசாப்புக்கடையில சொல்லிவச்சு ஆட்டு இருதயம் ஒன்ன டிபன் பாக்ஸ்ல கொண்டுவந்து, கத்திரிக்காயப் பொளக்குற மாதிரிப் பொளந்து, நாலு அறையும் காட்டினாக. சைவக்காரங்க ரெண்டு பேரு வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுனாங்க. வகுப்பு முடிஞ்சதும் வைரவன் சார் பைய கிட்டப்போயி, "டீச்சர், இத வீணாவா போடப்போறீங்க?"ங்குறாரு. அப்பிடி இருந்த வகுப்பு.

நானா? நான் உள்ள போறதில்ல. மூணு மாசமாப் போறதில்ல. ஆனா புதன்கிழம ஆனா கால் தன்னால இங்க வந்துருது. இந்தப் பெஞ்சுல உக்காந்துருப்பேன். டீச்சர் ஏறும்போது, "உள்ள வாங்க சீனியம்மா"ம்பாக. நான் தலைய ஆட்டுவேன். அவுக போயிருவாக. எனக்கு அவுக மேல கோவம். அவுக ஒரு தப்பும் பண்ணல, அது எனக்குத் தெரியுது. இருந்தாலும் கோவம். என் வீட்ல இருந்து ஒரு பெரிய சாமானத் தூக்கிட்டுப் போனவுகள எப்பிடிம்மா சும்மா பாத்துச் சிரிக்கிறது?

திருடல. சொல்றேன், இருங்க.

எங்க வீட்டுக்காரக பேரு அழகர்சாமி. கரண்டாபீஸ்ல லைன்மேனா இருந்தவுக. எனக்குத் தாய்மாமன், எங்க அம்மா கூடப் பெறந்த கடைசித் தம்பி. நான் மடியில கெடக்கும்போதே இவ உனக்குத்தான்னு சொல்லிட்டாகளாம். எங்க அம்மாவும் அப்பாவும் மட்டும் என்ன, மாமன் மக அத்த மகன்தான். எங்க வழக்கம் அது. வெளிய குடுத்தா பிள்ளை கண்ணக் கசக்கிக்கிட்டு நிக்கும், உள்ளுக்குள்ளன்னா தாங்குவாங்கன்னு ஒரு நெனப்பு. தாங்கத்தான் செஞ்சாக. மாமா என்னைய ஒரு நாள் கைநீட்டினதில்ல.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. குருவம்மா. பன்னெண்டு வயசுல காமாலை கண்டு போயிட்டா. வயசுக்கு வரல. எங்க பக்கம் அப்பிடிப் போற பிள்ளையக் கன்னியாக் கும்பிடுவோம். ஓலைப்பெட்டியில புதுப் பாவாட சட்ட, வளையல், ரிப்பன் வச்சு வருசா வருசம் தை மாசம் ஒரு வெள்ளிக்கிழம படையல் போடுவோம். சீனியும் பொரிகடலையும் பிசஞ்சு வைக்கணும், அவளுக்கு அதுதான் இஷ்டம். உங்க பக்கமும் உண்டா? அப்ப உங்களுக்கு நான் ரொம்பச் சொல்ல வேண்டியதில்ல.

உசுரோட இருக்கும்போது அவளுக்குப் பிள்ளைகன்னா கிறுக்கு. தெருவுல எவ பெத்த பிள்ளையா இருந்தாலும் அவ இடுப்புலதான் இருக்கும். ஸ்கூலுக்குப் போற வழியில எறக்கிவிட்டுட்டுப் போவா, வர்ற வழியில தூக்கிட்டு வருவா. அவ போன மறுவருசம் எனக்கும் மாமாவுக்கும் கல்யாணம்.

அஞ்சு பெத்தேன் தாயி. ரெண்டு நின்னுச்சு. மூணு போயிருச்சு.

மூத்தவ தனம். பெறந்தப்ப குண்டுக் கத்திரிக்கா மாதிரி இருந்தா. மூணு மாசம் ஆச்சு, நாலு மாசம் ஆச்சு, தல நிக்கல. கால உதைக்க மாட்டா. துணியத் தொங்கவிட்ட கணக்கா தோள்ல கெடப்பா. ஆனா கண்ணு இருக்கே, அப்பிடி ஒரு வெளிச்சம். முகம் பாத்துச் சிரிப்பா. என் தோளுக்கு மேல, பின்னால, ஒன்னுமில்லாத மூலையப் பாத்துச் சிரிப்பா. பால் குடிக்கையில பொற ஏறும். அப்பறம் ஒரு நாள் மூச்சு வாங்கி, வாங்கி, அப்பிடியே போயிட்டா. ஒரு வயசு முடியல. தர்மர் பெறந்தான், அவன் நல்லா இருந்தான். அடுத்து பாண்டி. தனம் மாதிரியே. தல நிக்கல, கண்ணு மட்டும் சிரிக்கும், அந்த மூலையவே பாக்கும். அப்பறம் தவமணி, அவளும் தப்பிச்சுக்கிட்டா. கடைசியில ஒன்னு. பேரு வைக்கல, அதுக்குப் பயந்தே வைக்கல. பாப்பான்னுதான் கூப்பிட்டோம். அதுவும்.

டாக்டர்க சத்துக் கொறச்சல்னாங்க. சளின்னாங்க. எங்க அம்மாதான் சொன்னா: "ஏன் மூலையப் பாத்துச் சிரிக்கிதுன்னு உனக்குத் தெரியலையாடி? குருவு நிக்கிறா. விளையாட ஆளில்லாம எடுத்துக்கிட்டா." எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. வெளங்குச்சுன்னு சொல்லக்கூடாது, ஒரு பிடி கெடச்சுச்சு. அவளத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். ஏண்டி, ஊர்ல பிள்ளையே இல்லையா, கூடப்பெறந்தவ வயித்துலதான் கைய வைப்பியான்னு கத்துவேன். அப்பறம் கோவம் தணிஞ்சு, சரி, எடுத்தது எடுத்துட்ட, நல்லாப் பாத்துக்கன்னு சொல்ல ஆரம்பிச்சேன். படையல்ல பாவாட சட்டையோட மூணு சின்னச் சட்டையும் சேத்து வைப்பேன். வருசம் ஓட ஓடச் சட்டையப் பெருசாக்கணுமா, அதே அளவு எடுக்கணுமான்னு ஜவுளிக்கடையில நின்னு கொழம்புவேன்.

பேய், ஆவின்னு நீங்க பயப்படாதீங்க. எனக்குப் பயமே இருந்ததில்ல. மத்தியானம் மாமா வேலைக்குப் போயிருவாக, பிள்ளைக ஸ்கூலுக்குப் போயிரும், நான் தனியா அரிசி பொடைப்பேன். பின்கட்டுல குடுகுடுன்னு ஓடுற சத்தம் கேக்கும். குருவு அதட்டுறது கேக்கும். கீழ விழுந்துராதீங்கடான்னு நானும் ஒரு குரல் குடுப்பேன். அம்புட்டுத்தான். நாப்பது வருசத்துக்கு மேல அப்பிடித்தான் இருந்தோம் எல்லாரும், ஒரே வீட்ல.

மாமா மட்டும் வாயத் தொறக்க மாட்டாக. மூணையும் கையில ஏந்திட்டுப் போயிப் பொதச்சது அவுகதான். பாப்பாவப் பொதச்சுட்டு வந்து, கெணத்தடியில குளிச்சு, சாப்பாடு போடுன்னாக. போட்டேன். அதுக்கப்பறம் ஒரு நாள், ஒரு வார்த்தை, அதுக பேரச் சொன்னதில்ல. படையலன்னைக்குக் கூட ஓரமா நின்னு கும்பிட்டுட்டுப் போயிருவாக. கல்லு மனசுன்னு நானே எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன்.

இப்ப வகுப்புக்கு வாங்க.

பரம்பரைன்னு ஒரு பாடம். பொம்பளைன்னா வட்டம், ஆம்பளைன்னா கட்டம், கட்டிக்கிட்டாக் கோடு. அவங்கவங்க குடும்பத்தப் போர்டுல வரைங்கன்னாக டீச்சர். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முதல்ல எந்திரிச்சேன். சாக்பீஸப் புடிச்சு எத்தனை வருசமாச்சு! சந்தோசமா வரைஞ்சேன். சொந்தத்துல கட்டினா ரெட்டைக்கோடு போடணும்னு டீச்சர் சொன்னாக. போட்டேன். எங்க அம்மா அப்பாவுக்கு ரெட்டைக்கோடு, எனக்கும் மாமாவுக்கும் ரெட்டைக்கோடு. "சீனியம்மா வீட்டுப் படம் ரயில்வே லைன் மாதிரி இருக்கே"ன்னாரு வைரவன் சார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

பெறகு டீச்சர், தவறிப்போன பிள்ளைகளுக்குக் குறுக்க ஒரு கோடு போடுங்கம்மான்னாக. மூணுக்கும் போட்டேன். டீச்சர் சிரிக்கல. எப்பிடிப் போச்சுகன்னு கேட்டாக. நான் கூசாமச் சொன்னேன், என் தங்கச்சி எடுத்துக்கிட்டான்னு. "சரிம்மா, போறதுக்கு முன்னால எப்பிடி இருந்துச்சுக?" சொன்னேன். தல நிக்காதது, கால் உதைக்காதது, கண்ணு சிரிச்சது. டீச்சர் முகம் வெளுத்துப்போச்சு. "மூணும் ஒரே மாதிரியா?"ன்னாக. ஆமான்னேன். அதுக்கு மேல அன்னைக்கு அவுக பாடம் எடுக்கல.

அடுத்த புதன்கிழம ரெண்டு டப்பா கொண்டுவந்தாக. உள்ள பாசிமணி, வெள்ளையும் கறுப்புமா. இது அப்பா டப்பா, இது அம்மா டப்பா. ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுல ஒன்னு, அதுல ஒன்னு. ஒரு வெள்ளை விழுந்தாப் போதும், பிள்ளை நல்லா இருக்கும், கறுப்பு உள்ளுக்குள்ள ஒளிஞ்சுக்கும். ரெண்டும் கறுப்பா விழுந்தாத்தான் நோய். அப்பாவும் அம்மாவும் ஒரே ரத்தமா இருந்தா ரெண்டு டப்பாவுலயும் ஒரே கறுப்பு இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இவ்வளவுதான் பாடம். என் பேரச் சொல்லல. ஆனா எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க, வைரவன் சார் மட்டும் சன்னலப் பாத்தாரு.

எனக்குப் புரிஞ்சுபோச்சு தாயி. அதுதான் கொடும. நான் எட்டாங்கிளாஸ். புரியாமப் போயிருந்தா நல்லாருந்திருக்கும். டீச்சர் அப்பிடி நடத்துவாக, கல்லுக்கும் புரியும். நான் எந்திரிச்சுக் கேட்டேன், "அப்ப என் பிள்ளைக மூணும் டப்பாவுல கைய விட்டு எடுத்த மணியா டீச்சர்?"ன்னு. அவுக வந்து என் கையப் புடிச்சுக்கிட்டாக. "உங்க தப்பும் இல்ல, உங்க வீட்டுக்காரர் தப்பும் இல்ல, உங்க தங்கச்சி தப்பும் இல்லம்மா. யாரும் எடுக்கல"ன்னாக. கண்ணுல தண்ணி அவுகளுக்கு. ஆறுதலாத்தான் சொன்னாக.

யாரும் எடுக்கல. யோசிச்சுப் பாருங்க. எடுத்தவ ஒருத்தி இருந்தா, வச்சுக்கிட்டவளும் ஒருத்தி இருப்பாள்ல?

வீட்டுக்கு வந்தேன். மத்தியானம். அரிசியப் பொடைச்சேன். பின்கட்டுல ஒன்னுமில்ல. மறுநாளும் ஒன்னுமில்ல. ஓலைப்பெட்டியத் தெறந்து பாத்தா, உள்ள மடிச்ச துணி கெடக்கு, அவ்வளவுதான், துணி. பேயி இருக்கிற வீடுன்னு சனங்க பயப்படுவாங்க, கேட்டிருக்கேன். எனக்கு இப்பத்தான் வீட்ல தனியா இருக்கப் பயம். வெளக்குமாறு சாஞ்சு விழுந்தாக் கூட வெளக்குமாறுதான் விழுந்துச்சுன்னு தெரிஞ்சுபோகுது. பாவம், அந்தப் பிள்ளைய வேற இத்தன வருசமாத் திட்டியிருக்கேன். காமாலையில செத்துப்போன சின்னப்பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்?

இதோட விட்டிருந்தாலும் நான் பாட்டுக்கு அழுதுட்டுக் கெடந்திருப்பேன். அந்த மார்கழியிலதான் கல்யாணப் பேச்சு வந்துச்சு. என் மகன் தர்மர் மக யாழினி, என் மக தவமணி மகன் கௌதம். அத்த மகன், மாமன் மக. தர்மருக்கும் தவமணிக்கும் சொந்தத்துல தோதா அமையல, வெளியதான் முடிச்சோம். அதனால இந்தத் தடவ விட்ட சொந்தத்தத் திருப்பிக் கட்டணும்னு தவமணி ஒத்தக்கால்ல நின்னா. மாமாவுக்கும் வாயெல்லாம் பல்லு. யாழினிகிட்ட நான் தனியாக் கேட்டேன், உனக்கு அவன் மேல ஆசையாடின்னு. "ஆசையும் இல்ல, வெறுப்பும் இல்ல ஆச்சி. கூட வளந்தவன். நீங்க எல்லாரும் சொல்றீங்க"ங்குறா. பி.பார்ம் படிச்ச பிள்ளை.

எனக்குச் சோறு எறங்கல. தர்மர் உள்ளுக்குள்ள ஒரு கறுப்பு ஒளிஞ்சிருந்தா? தவமணிக்குள்ள ஒன்னு இருந்தா? அது பேரன் பேத்திக்கு எறங்கியிருந்தா? டீச்சர்கிட்ட ஓடினேன். "பயப்படாதீங்க, இருக்கும்னு கட்டாயம் இல்ல. மதுரையில பரம்பரை நோய் பாக்குற டாக்டர் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துட்டாத் தெரிஞ்சுபோகும். இல்லைன்னா தாராளமா முடிங்க"ன்னாக. நல்ல வழிதானே? நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.

தவமணியக் கூப்பிட்டு வச்சுப் பொறுமையாச் சொன்னேன். மணிய வச்சுக் கூடக் காட்டினேன், வீட்ல பாசிமணி இல்ல, உளுந்தும் தோல் உரிச்ச உளுந்தும் வச்சுக் காட்டினேன். அவ எந்திரிச்சா பாருங்க ஒரு ஆட்டம்! "என் மகனுக்குச் சீக்குன்னு பெத்த தாயே சொல்ற! ரத்த டெஸ்ட் எடுத்தாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வயசான காலத்துல சிவனேன்னு இருக்காம ஸ்கூலுக்குப் போயிக் கெட்டுப்போயிட்ட"ன்னா. கன்னி கோவந்தான் எல்லாம், இந்த வருசம் தங்க வளையல் செஞ்சு போட்டாச் சரியாப் போகும்னா. தர்மர், "ஆத்தா மக சண்டையில நான் வரல"ங்குற மாதிரி எந்திரிச்சுப் போயிட்டான். மாமா செய்தித்தாள மடிச்சு வச்சுட்டு ஒரே வார்த்தை: "நம்ம ரத்தத்துல ஒன்னும் கெடையாது." அத எங்கிட்டச் சொல்லும்போது என் முகத்தப் பாக்கல.

டீச்சரக் கூட்டிட்டு வந்து சொல்லவச்சேன். காப்பி குடுத்து, முறுக்குக் குடுத்து, சரிங்க டீச்சர் சரிங்க டீச்சர்னு வாசல் வரைக்கும் வழியனுப்பிட்டு, மறுநாள் நிச்சயத்துக்கு நாள் பாத்துட்டாக. தைப் படையல் முடிஞ்ச மறுவாரம்.

இப்பக் கேளுங்க, நான் செஞ்ச காரியத்த.

எங்க அம்மா மேல கன்னி எறங்கும். அம்மா போனப்பறம் யார் மேலயும் எறங்கல. வருசா வருசம் படையலப் போட்டுட்டு, சாம்பிராணியக் காட்டிட்டு, எல்லாரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துட்டு நிப்பாக, எவ மேலயாவது வராதான்னு. நான் பேசுனா யாரு கேக்குறா? டீச்சர் பேசுனாலும் கேக்கல. அவ பேசுனாக் கேப்பாகள்ல? வகுப்புல உக்காந்து அம்புட்டையும் கத்துக்கிட்டு, கடைசியில நான் போயி நின்ன எடம் அதுதான். வேற வழி எனக்குத் தெரியல தாயி.

வெள்ளிக்கிழம. பொழுது சாயுற நேரம். பாவாட சட்ட வச்சாச்சு, மூணு சின்னச் சட்டையும் வச்சாச்சு. நம்பிக்கை போயிருச்சே, எதுக்கு வாங்குனேன்னு கேக்காதீங்க, பழக்கம். தவமணி குலவை போட்டா. நான் கண்ண மூடி அம்மா எப்பிடி ஆரம்பிப்பான்னு நெனச்சேன். தோள் ரெண்டையும் உலுக்கி, கொண்டைய அவுத்துவிட்டேன். வெக்கமா இருந்துச்சு. முதல்ல இருமல்தான் வந்துச்சு. அப்பறம் ஒரு குரல் வந்துச்சு பாருங்க, சின்னப்பிள்ளக் குரல், எனக்கே தூக்கிவாரிப்போட்டுச்சு. "அழகு மாமா"ன்னு கூப்பிட்டேன். குருவு அப்பிடித்தான் கூப்பிடுவா. ஊர்ல வேற யாரும் அவுகள அப்பிடிக் கூப்பிட்டதில்ல. எனக்கு ஞாபகம் இருந்துச்சு, அதனால கூப்பிட்டேன், அவ்வளவுதான். வேற ஒன்னுமில்ல.

மாமா முன்னால வந்துட்டாக. கையக் கூப்புனாக. தவமணி, "தாயி, கொழந்தைகளுக்கு நல்ல வாக்குச் சொல்லு"ன்னு கால்ல விழுந்தா. நான் என்ன சொல்லணும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்: பெரிய டாக்டர்கிட்ட ரெண்டு பேரையும் காட்டுங்க, அவுக சரின்னா முடிங்கன்னு. ஆனா அந்தக் குரல்ல டாக்டர், ரத்தம், டெஸ்டுன்னு எதுவும் வர மாட்டேங்குது. "சேக்காதீங்க! இதுக ரெண்டையும் சேக்காதீங்க! சேத்தா நான் சும்மா இருக்க மாட்டேன்!" அதுதான் வந்துச்சு. தவமணி அலறிட்டா. தர்மர் சூடத்த ஏத்தி, "சேக்கல தாயி, சத்தியமாச் சேக்கல"ன்னு அடிச்சான். முடிஞ்சுபோச்சு. அம்புட்டு நாள் நான் அழுது சொன்னது, டீச்சர் படம் போட்டுச் சொன்னது, ஒன்னும் ஏறல. அரை நிமிசத்துல முடிஞ்சுபோச்சு. யாழினி மட்டும் ஓரமா நின்னு என்னையவே பாத்துக்கிட்டிருந்தா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன்.

சரி, மலையேறிரலாம்னு நான் ஒரு கொட்டாவி விட்டேன். அம்மா அப்பிடித்தான் முடிப்பா. அப்ப மாமா என் முன்னால மண்டி போட்டாக. எழுவத்தஞ்சு வயசு மனுசன், முட்டி மடங்காது, சுவத்தப் புடிச்சுக்கிட்டு மண்டி போட்டாக. என் காதுகிட்ட வந்து, யாருக்கும் கேக்காம, கேட்டாக.

"குருவு, பாப்பாவுக்குத் தல நின்னுருச்சா?"

தாயி, எனக்கு ஒடம்பெல்லாம் வெடவெடன்னு வந்துருச்சு. ஆடறதுக்கு இல்ல. நெசமாவே. இந்த மனுசன் இத்தன வருசமா இதையா உள்ள வச்சிருந்தாக? அந்தக் கல்லு மனசுக்காரக? தலை தொங்கத் தொங்கத்தானே அதக் கையில வாங்கிட்டுப் போனாக. வழி நெடுகத் தாங்கிப் புடிச்சுக்கிட்டே போயிருப்பாக போல. பொதைக்கிற வரைக்கும். நான் கேக்கவே இல்லயே. நான் மட்டும்தான் பெத்தேன்னு நெனச்சுட்டேனே.

இல்லைன்னு சொல்லவா? யாரும் எடுக்கல மாமா, அங்க யாரும் இல்ல, டப்பாவுல கறுப்பு விழுந்துச்சுன்னு சொல்லவா? "நின்னுருச்சு மாமா. ஓடுறா. தனத்த விட வேகமா ஓடுறா"ன்னேன். "பாண்டி?"ன்னாக. "அவன் மரம் ஏறுறான், எறங்கச் சொன்னாக் கேக்க மாட்டேங்குறான்." மாமா சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டே ஓன்னு அழுதாக. தர்மரும் தவமணியும் அப்பிடியே நிக்கிறாக. அப்பா அழுது அதுக பாத்ததே இல்ல.

மறுவாரம் டீச்சர்கிட்ட வந்து நடந்ததச் சொன்னேன். அவுகளுக்கு முதல் தடவையாக் கோவம் வந்து பாத்தேன். "நான் டெஸ்ட் எடுக்கத்தானம்மா சொன்னேன், பிரிக்கவா சொன்னேன்? ஒன்னுமே இல்லாமக் கூட இருந்திருக்கலாமே"ன்னாக. "டீச்சர், சாமி ஆடும்போது லேப் பேரச் சொல்லவா முடியும்?"னு கேட்டேன். சிரிப்பாகன்னு பாத்தேன், சிரிக்கல. அன்னையில இருந்துதான் நான் உள்ள போறதில்ல. யாழினி நல்லா இருப்பா, அது போதும். அதுல எனக்கு வருத்தம் கெடையாது.

ஆனா மாமா விடல. அடுத்த வெள்ளிக்கிழம வெளக்கு ஏத்தினதும் வந்து உக்காந்துட்டாக. "குருவக் கூப்பிடு"ன்னாக. என்னையப் பாத்துக் கூட இல்ல, வெளக்கப் பாத்து. என்ன செய்ய? கூப்பிட்டேன். அதுக்கடுத்த வெள்ளியும். இப்ப ஒவ்வொரு வெள்ளியும். பகலெல்லாம் பட்டும் படாம இருப்பாக, வெளக்கு ஏத்தின உடனே வாய் தெறந்துரும். தனம் என்ன சாப்பிடுறா, பாண்டிக்குச் சட்ட பத்துதா, பாப்பாவுக்கு இப்பவாச்சும் பேரு வச்சீங்களா. நான் சொல்லிக்கிட்டே வர்றேன். மத்தியானமெல்லாம் உக்காந்து யோசிச்சு வைக்கிறேன், ஒரு வாரம் சொன்னதுக்கும் மறுவாரம் சொன்னதுக்கும் மாறிரக் கூடாதுல்ல. அவுக மூஞ்சியில ஒரு தெளிவு வந்துருக்கு. நெஞ்சுல நீர் கோத்திருக்கு, ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. சொன்ன அன்னைக்கும் கலங்கல. போற எடத்துல ஆள் இருக்குன்னு ஒரு தைரியம்.

அதோ, டீச்சர் கேட்டுக்குள்ள வர்றாக. நீங்க பையை எடுத்துக்கங்க. இன்னைக்கு நுரையீரல் நடத்துறாகளாம், நல்ல பாடம், விட்டுராதீங்க. நான் சொன்னத வச்சுச் சேராம இருந்துராதீங்க தாயி, படிப்பு நல்லதுதான். எனக்குத்தான்.

போறதுக்கு முந்தி இத மட்டும் கேட்டுட்டுப் போங்க. வேற யார்கிட்டயும் சொல்ல முடியல. போன வெள்ளிக்கிழம அவுக கேட்டாக, "குருவு, நான் வந்தா அதுக என்னைய அடையாளம் கண்டுக்கிருமா? கெழவனாயிட்டேனே"ன்னு. "வாசல்லயே நிக்கும் மாமா"ன்னேன். சந்தோசப்பட்டாக. அப்பறம், எதிர்ல உக்காந்திருக்கிறது நான்தாங்குறதே மறந்துட்டாக போல, ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேக்குறாக: "சீனிய? அவ எனக்குப் பின்னால தனியாத்தான் வரணும். அவ வந்தா அவளத் தெரியுமா? பால் குடுத்தவ. அவள மறந்திருக்க மாட்டாகளே?"

எல்லாத்துக்கும் சொல்லிட்டேன், இதுக்கு ஆமான்னு ஒரு வார்த்தை வரல. கண்ண மூடிக்கிட்டு அப்பிடியே உக்காந்திருந்தேன். அவுகளே எந்திரிச்சு, "சரி, அதுககிட்டக் கேட்டு வந்து அடுத்த வாரம் சொல்லு"ன்னுட்டுப் படுக்கப் போயிட்டாக.

நாளன்னைக்கு வெள்ளிக்கிழம. நான் யார்கிட்டப் போயிக் கேட்டுட்டு வர?